கவுண்டி கேட்காத கேள்விகள்

டாலஸ் சுற்றுவட்டாரத்தில் நிலம் வாங்கி வீடு கட்ட நினைக்கும் தமிழ் நண்பர்களுக்கு,



ஃபிரிஸ்கோ, பிளேனோ, ஆலன் பக்கம் பல வருடம் குடியிருந்துவிட்ட உங்களில் நிறையப் பேர் இப்போது சனி ஞாயிறுகளில் காரை எடுத்துக்கொண்டு காஃப்மன், ஹன்ட், கிரேசன், எல்லிஸ் கவுண்டிகளில் நிலம் பார்த்து வருகிறீர்கள். பிள்ளைகள் ஓடியாட இடம் வேண்டும். வெண்டையும் அவரையும் போட ஒரு தோட்டம் வேண்டும். ஊரிலிருந்து வந்து ஆறு மாதம் தங்கும் அப்பாவும் அம்மாவும் காலாற நடக்க வேண்டும். நல்ல ஆசை. அது நல்லபடியாக நிறைவேற வேண்டும் என்பதற்காகத்தான் இந்த மடல்.

நிலம் காட்ட வருபவர் பெரும்பாலும் ஒரு வாக்கியம் சொல்வார்: “இது சிட்டி லிமிட்டுக்கு வெளியே இருக்கிறது. பெர்மிட் தொல்லையே கிடையாது.” அதைக் கேட்டதும் நமக்கு மனசு லேசாகிவிடுகிறது. காரணம் புரிகிறது. பிளான் அப்ரூவலுக்காக அப்பா பஞ்சாயத்து அலுவலகத்துக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் நடந்ததைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அனுமதி என்றாலே அலைச்சலும் கையூட்டும்தான் நினைவுக்கு வரும். அந்த நினைவை வைத்துக்கொண்டு டெக்சாஸில் நிலம் வாங்காதீர்கள். இங்கே கவுண்டி உங்களிடம் கேட்கும் கேள்விகள் குறைவு. குறைவு என்பதாலேயே அது கேட்காமல் விட்ட கேள்விகளை எல்லாம் நீங்களே கேட்டாக வேண்டும். நான் சொல்ல வந்தது இந்த ஒன்றுதான்.

டெக்சாஸில் 254 கவுண்டிகள். ஒவ்வொன்றையும் ‘கமிஷனர்ஸ் கோர்ட்’ என்ற அமைப்பு நடத்துகிறது. ஒரு கவுண்டி ஜட்ஜும் நான்கு கமிஷனர்களும் அதில் இருப்பார்கள். நகராட்சிகளைப் போல எல்லா அதிகாரமும் இவர்களுக்குக் கிடையாது. மாநிலச் சட்டம் எதை எழுதிக் கொடுத்திருக்கிறதோ அதை மட்டும்தான் செய்யலாம். இந்த இடம் குடியிருப்புக்கு, அந்த இடம் தொழிலுக்கு என்று நிலத்தை வகை பிரிக்கும் அதிகாரம் பொதுவாகக் கவுண்டிகளுக்கு இல்லை. உங்கள் வேலியை ஒட்டி நாளைக்கு ஒரு கான்கிரீட் கலவை ஆலை வந்தால் தடுக்க கவுண்டியால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. பத்திரத்தில் எழுதப்பட்ட கட்டுப்பாடுகள் இருந்தால் அவைதான் ஓரளவு காவல். விற்பவர் “கட்டுப்பாடு எதுவும் இல்லாத நிலம்” என்று பெருமையாகச் சொல்லும்போது, பக்கத்து நிலத்துக்காரருக்கும் எந்தக் கட்டுப்பாடும் இல்லை என்பதைச் சேர்த்தே கேட்டுக்கொள்ளுங்கள்.

‘பெர்மிட் கிடையாது’ என்பதும் பாதி உண்மைதான். சிட்டி எல்லைக்கு வெளியே இருந்தாலும் அந்தச் சிட்டியின் கை நீளும் ஒரு வளையம் உண்டு. இ.டி.ஜே. என்பார்கள். 5,000 பேருக்குக் குறைவான ஊருக்கு அது அரை மைல். ஒரு லட்சம் பேரைத் தாண்டிய நகரத்துக்கு 5 மைல். அந்த வளையத்துக்குள் நிலத்தைப் பிரித்து மனையாக்குவதில் சிட்டியின் விதிகள் நுழையும். 2023இல் வந்த சட்டப்படி நில உரிமையாளர் மனுக் கொடுத்து அதிலிருந்து விலகிக்கொள்ள வழி இருக்கிறது. ஆனால் விலகிவிட்டார்களா, இனிமேல்தான் மனுவா என்பது வாங்குவதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வெள்ளப் பகுதியில் கட்ட அனுமதி, செப்டிக் அனுமதி, சாலையிலிருந்து நிலத்துக்குள் வழி போட அனுமதி, அவசர உதவி வண்டி வந்து சேர 911 முகவரி என்று கவுண்டியில் வாங்க வேண்டியவை தனியாக உண்டு. இதில், கழிவுநீர்க் குழாய் இணைப்பு இல்லாத இடத்தில் செப்டிக் இல்லாமல் வீடு என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆனால் செப்டிக்கைப் பற்றிப் பேச வேண்டுமானால் மண்ணைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

டாலஸுக்குக் கிழக்கிலும் தெற்கிலும் வடக்கிலும் நீங்கள் பார்க்கும் நிலத்தில் பெரும்பகுதி கரிசல். ‘பிளாக்லேண்ட் பிரெய்ரி’ என்ற நீண்ட பட்டை அது. அங்குள்ள மண்ணில் பேர்பெற்றது ‘ஹூஸ்டன் பிளாக்’. டெக்சாஸின் மாநில மண் என்றே அதைச் சொல்கிறார்கள். கோவில்பட்டி, விளாத்திகுளம், அருப்புக்கோட்டைப் பக்கத்து ஆட்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மண்ணியலில் இரண்டும் ஒரே வகுப்பு. மழையில் ஊறி உப்பும். கோடையில் வற்றிச் சுருங்கி, கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். பருத்திக்கு இதைவிட நல்ல மண் கிடையாது. நூறு வருடத்துக்கு முன் இந்தக் கவுண்டிகள் பருத்தியில்தான் பிழைத்தன. வீட்டுக்கோ, அஸ்திவாரத்தை வருடாவருடம் தூக்கித் தூக்கி இறக்கும் மண் இது. இந்தியாவில் இதே மண்ணுக்காக ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அடிப்பக்கம் அகலமான பைல் அஸ்திவாரத்தை உருவாக்கிப் பரப்பியது. இங்கே ஸ்லாபுக்குள் எஃகுக் கேபிள்களைப் பதித்து, கான்கிரீட் இறுகிய பிறகு அவற்றை இழுத்துக் கட்டுகிறார்கள்.

அந்த ஸ்லாபை எத்தனை கனத்தில் போடுவது, கீழே எத்தனை அடி மண்ணைப் பதப்படுத்துவது என்பதெல்லாம் உங்கள் மனையில் துளை போட்டு எடுத்த மண்ணைச் சோதித்துவிட்டுப் பொறியாளர் சொல்ல வேண்டியது. மண் எத்தனை அங்குலம் எழும்பி இறங்கக்கூடும் என்று அந்த அறிக்கையில் ஒரு எண் இருக்கும். அதைக் கேட்டு வாங்குங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் அறிக்கை உதவாது. ஒரே நிலத்தில் ஓடைப்பக்கம் ஒரு மாதிரியும் மேட்டுப்பக்கம் வேறு மாதிரியும் இருக்கும். பல கவுண்டிகள் இந்த அறிக்கையை உங்களிடம் கேட்கவே மாட்டா. கேட்கவில்லை என்பதால் கட்டுபவர் மிச்சம் பிடிக்கும் முதல் செலவு இதுவாகத்தான் இருக்கும்.

இதே மண்தான் உங்கள் கழிவுநீரையும் குடிக்க மறுக்கிறது. அமெரிக்காவில் ஐந்தில் ஒரு வீட்டுக்கு மேல் செப்டிக்கை நம்பியிருக்கிறது. வழக்கமான செப்டிக்கில் தொட்டியிலிருந்து வெளிவரும் நீர், மண்ணுக்குள் புதைத்த துளைக் குழாய்கள் வழியே மெல்லக் கசிந்து வடிய வேண்டும். கரிசல் ஒருமுறை உப்பிவிட்டால் தண்ணீருக்கு வழி விடாது. டெக்சாஸ் விதிப்படி அதற்கென உரிமம் பெற்றவர், கழிவுநீர் விடப்போகும் இடத்தின் இரண்டு முனைகளில் குழி தோண்டி, மண்ணின் தன்மை, பாறை, பருவகால நீர்மட்டம் மூன்றையும் பார்த்து எழுதித் தர வேண்டும். களிமண் என்று எழுதிவிட்டால் பெரும்பாலும் ஏரோபிக் அமைப்புதான் வழி. காற்றை ஊதிக் கழிவைச் சிதைத்து, குளோரின் சேர்த்து, தெளிப்பான்கள் மூலம் புல்தரையில் தெளிப்பது அது.

இங்கே தோட்டக்காரர்கள் கவனிக்க வேண்டும். அந்த நீரைத் தெளிக்கும் பரப்பில் காய்கறித் தோட்டமோ பழத்தோட்டமோ போட விதி அனுமதிப்பதில்லை. வீடு, வண்டி வழி, கிணறு, தெளிப்புப் பரப்பு எல்லாம் போக மிஞ்சும் இடத்தில்தான் உங்கள் வெண்டைப் பாத்தி. சொந்தக் கிணறு வைத்தால், கழிவுநீர் கசியும் குழாய்ப் பரப்பு கிணற்றிலிருந்து 100 அடி தள்ளியிருக்க வேண்டும். தொட்டி 50 அடி. மனை எல்லை, ஓடை, குளம், மின்கம்பி வழி என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இடைவெளி உண்டு. ஒரு ஏக்கர் என்றால் நம்மூர்க் கணக்கில் 100 சென்ட், தாராளமான இடம் என்று தோன்றும். இந்த வட்டங்களை எல்லாம் வரைபடத்தில் போட்டுப் பார்த்தால் வீட்டுக்கு மிஞ்சும் இடம் சின்னதாகத் தெரியும்.

அமைப்பின் அளவை முடிவு செய்வது படுக்கையறைக் கணக்கும் வீட்டின் பரப்பும். 2,500 சதுர அடிக்கு மிகாத மூன்று படுக்கையறை வீடு, தண்ணீர் மிச்சப்படுத்தும் குழாய்களோடு, ஒரு நாளைக்கு 240 கேலன் என்று மாநில அட்டவணை வைத்திருக்கிறது. நம் வீடுகளில் ஆறு மாதம் பெற்றோர், பிறகு மாமனார் மாமியார், நவராத்திரிக்கும் பொங்கலுக்கும் இருபது பேர். மூன்று அறை என்று காட்டிவிட்டு மேல்மாடியில் இரண்டு அறைகளை ‘விளையாட்டு அறை’ என்று எழுதிக் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். செய்யாதீர்கள். நீங்கள் உண்மையில் வாழப்போகிற முறையைச் சொல்லி வடிவமைக்கச் சொல்லுங்கள். ஏரோபிக் என்றால் முதல் இரண்டு வருடம் பராமரிப்பு ஒப்பந்தம் கட்டாயம். நான்கு மாதத்துக்கு ஒருமுறை ஆள் வந்து பார்த்து அறிக்கை தர வேண்டும். அதன் பிறகும் அதை ஒரு இயந்திரமாக நினைத்துக் கவனிக்க மனம் இல்லையென்றால் கரிசலில் வீடு கட்ட வேண்டாம்.

“10 ஏக்கருக்கு மேல் வாங்கினால் செப்டிக்குக்கும் பெர்மிட் வேண்டாம்” என்று ஒரு பேச்சு சுற்றுகிறது. மாநில விதியில் அப்படி ஒரு விலக்கு இருக்கிறது. ஒரே ஒரு குடும்ப வீடு, அமைப்பின் எல்லாப் பாகமும் மனை எல்லையிலிருந்து 100 அடி உள்ளே, கழிவு வெளியே போகக் கூடாது, யாருக்கும் தொல்லை இருக்கக் கூடாது என்ற நிபந்தனைகளோடு. நீரை வெளியே தெளிக்கும் ஏரோபிக்குக்கு அந்த விலக்கு பொருந்துமா என்பதைக் கவுண்டியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பொருந்தாது என்றால், கரிசலில் ஏரோபிக்தான் வழி என்கிறபோது விலக்கால் உங்களுக்கு என்ன பயன்? கவுண்டியே மாநிலத்தைவிடக் கடுமையான விதி வைத்திருக்கவும் கூடும். விலக்கு கிடைத்தாலும் மண் ஆய்வைச் செய்யுங்கள். கழிவுநீர் உங்கள் பெர்மிட்டைப் பார்த்து வடிவதில்லை.

இன்னொன்று நமக்கே உரியது. நாலு நண்பர்கள் சேர்ந்து 12 ஏக்கர் வாங்கி, ஆளுக்கு 3 ஏக்கராகப் பிரித்து, பக்கத்துப் பக்கத்தில் வீடு கட்டி, பிள்ளைகளை ஒன்றாக வளர்ப்போம் என்ற திட்டம். கேட்கவே மனம் நிறையும் திட்டம். ஆனால் நிலத்தைப் பிரித்த கணமே அது சட்டத்தின் பார்வையில் மனைப்பிரிவு. கவுண்டி ஒப்புக்கொள்ளும் வரைபடம் போட்டு, கமிஷனர்ஸ் கோர்ட்டில் அனுமதி வாங்கிப் பதிய வேண்டும். சாலை போடாமல், ஒவ்வொரு பங்கும் 10 ஏக்கருக்கு மேல் இருந்தால் விலக்கு. நெருங்கிய ரத்த உறவு, திருமண உறவுகளுக்குள் நாலு பங்குக்கு மிகாமல் பிரித்துக்கொண்டாலும் விலக்கு. அண்ணன் தம்பிக்குக் கிடைக்கும் அந்தச் சலுகை, உயிர் நண்பர்களுக்குக் கிடையாது. வரைபடம் இல்லாமல் நீள அகலத்தை மட்டும் பத்திரத்தில் எழுதிப் பிரித்துக்கொண்டால், பணம் கொடுத்து, பத்திரம் முடித்து, செப்டிக் விண்ணப்பத்தோடு போகிற நாளில்தான் கவுண்டி அலுவலகம் கையை விரிக்கும். நண்பர்களுக்குள் மனக்கசப்பு வருவதற்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை. திட்டம் உங்களுக்குப் பிடித்திருந்தால் சர்வேயரையும் வழக்கறிஞரையும் முதல் நாளே கூட்டிக்கொள்ளுங்கள்.

வெள்ளத்துக்கு வருகிறேன். 1968இல் வந்த தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்த கவுண்டிகளில், மத்தியப் பேரிடர் அமைப்பான ஃபெமாவின் வரைபடத்தில் நிறம் தீட்டிய பகுதியில் யார் எதைக் கட்டினாலும் அனுமதி வாங்கியாக வேண்டும். அந்த நிறத்துக்கு, எந்த வருடத்திலும் வெள்ளம் வர நூற்றுக்கு ஒரு வாய்ப்பு என்று பொருள். நூறு வருடத்துக்கு ஒருமுறை வரும் வெள்ளம் என்று இதைப் பேசிப் பேசி, நம் காலத்தில் வராது என்று நம்பிவிடுகிறோம். 30 வருட வீட்டுக் கடன் முடிவதற்குள் ஒருமுறையாவது அது வருவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 26. கிராமப்புறத்தில் இன்னொரு சிக்கல்: பல ஓடைகளுக்கு ‘ஏ’ என்ற எழுத்து மட்டும் போட்டிருக்கும், தண்ணீர் எந்த மட்டம் வரை ஏறும் என்ற அளவு இருக்காது. சின்ன ஓடைகள் வரைபடத்திலேயே இருப்பதில்லை. அப்போது பொறியாளர்தான் அளந்து சொல்ல வேண்டும், அல்லது அந்த ஓடையோரம் நாற்பது வருடம் மாடு மேய்த்தவர் சொல்ல வேண்டும். இருவரையும் கேளுங்கள். 2025 ஜூலை 4 விடியற்காலையில் குவாடலூப்பே ஆறு பொங்கியதை நாம் எல்லோரும் பார்த்தோம். ஹில் கன்ட்ரி மலைப்பகுதியில் தொடங்கிய அந்த வெள்ளத்தில் மாநிலம் முழுக்க 130 பேருக்கு மேல் மாண்டார்கள். அவர்களில் கோடை முகாமுக்குப் போன சிறுமிகளும் உண்டு. நம் பக்கம் அந்த மலைச்சரிவு இல்லை என்று தைரியம் சொல்லிக்கொள்ள வேண்டாம். காய்ந்து கிடக்கும் பள்ளத்தைப் பார்த்து ‘அழகான ஓடைக்கரை நிலம்’ என்று விலை ஏற்றுகிறவர்கள் இங்கும் இருக்கிறார்கள்.

இனி, கட்டுவது. டெக்சாஸில் மின்வேலை செய்பவருக்கும், ஏ.சி. பொருத்துபவருக்கும், குழாய் வேலை செய்பவருக்கும் மாநில உரிமம் வேண்டும். வீட்டையே கட்டித் தரும் ஒப்பந்தக்காரருக்கு வேண்டாம். வீடு கட்டுபவர்களைப் பதிவு செய்ய 2003இல் ஒரு மாநில ஆணையம் தொடங்கினார்கள். 2009இல் சட்டமன்றம் அதை நீட்டிக்காமல் விட்டுவிட்டது. அதே 2009இல் வேறொரு சட்டம் வந்தது. கமிஷனர்ஸ் கோர்ட் தீர்மானம் போட்டு ஏற்றுக்கொண்ட கவுண்டிகளில், சிட்டிக்கு வெளியே கட்டும் புது வீடும் ஐ.ஆர்.சி. என்ற குடியிருப்புக் கட்டட விதிகளின்படி இருக்க வேண்டும்; குறைந்தது மூன்று முறை ஆய்வு நடக்க வேண்டும். கான்கிரீட் கொட்டும் முன் ஒன்று. சட்டகமும் குழாயும் வயரும் முடிந்து, சுவரை மூடும் முன் ஒன்று. முடிந்தபின் ஒன்று. அந்த ஆய்வாளரை ஏற்பாடு செய்வது கட்டுபவரின் பொறுப்பு. கவுண்டி ஆள் அனுப்பாது. கட்டுபவர் காசு கொடுத்துக் கூட்டி வருபவர்தான் கட்டுபவரின் வேலையைப் பார்த்துச் சொல்கிறார். தீர்மானமே போடாத கவுண்டியில் அதுவும் இல்லை.

நீங்கள் பார்க்கும் கவுண்டி தீர்மானம் போட்டிருக்கிறதா என்று தொலைபேசியில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். போட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும், உங்கள் காசில் உங்களுக்காக ஒரு ஆய்வாளரை வையுங்கள். மூன்று முறை வரச் சொல்லி ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். கான்கிரீட் கொட்டும் நாளுக்கு முன் அவர் பார்க்கிற ஆணி, போல்ட்டு, கேபிள் எதையும் பிறகு யாரும் பார்க்க முடியாது. ஸ்லாபோடு சுவரின் அடிக்கட்டையைப் பிணைக்கும் நங்கூர போல்ட்டுகள் 6 அடிக்கு ஒன்றுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. சூறாவளி வீசும் நாட்டில் கூரையும் சுவரும் அஸ்திவாரத்தோடு சேர்ந்து நிற்பது இந்தச் சின்னச் சின்ன இரும்புகளால்தான். வீட்டைச் சுற்றி முதல் 10 அடிக்குள் தரை 6 அங்குலம் சரிந்து தண்ணீரை வெளியே தள்ள வேண்டும் என்பது இன்னொன்று. கரிசலில் இந்த ஒரு விதி, பின்னாளில் அஸ்திவாரத்தைச் சரிசெய்யும் பெருஞ்செலவைத் தடுக்கும். பார்ன்டோமினியம் என்று பெயர் வைத்து எஃகுக் கொட்டகையை வீடாக்குகிறவர்களுக்கும் இதெல்லாம் பொருந்தும். கொட்டகை என்று விலை பேசி, அதில் பிள்ளைகளோடு படுத்துத் தூங்கப்போகிறீர்கள் அல்லவா?

இத்தனை விதி எதற்கு, இது சுதந்திர நாடுதானே என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். இதே மாநிலத்தின் மெக்சிகோ எல்லையோரம் அதற்கான பதில் இருக்கிறது. 1950களிலிருந்து அங்கே வயல்களைத் துண்டு போட்டு, தண்ணீரும் இல்லாமல் சாக்கடையும் இல்லாமல், தவணைக்கு விற்றார்கள். வாங்கியவர்கள் ஏழைத் தொழிலாளர்கள். தவணை முடியும்வரை பத்திரம் விற்றவரிடம்தான். ஒரு மாதம் தவறினால் கட்டிய பணமும் போய் வீடும் போகும். கலோனியா என்று பெயர் பெற்ற அந்தக் குடியிருப்புகள் 2,000க்கு மேல் உண்டாயின. கழிவுக் குழியும் குடிநீர்க் குழியும் பக்கத்துப் பக்கத்தில் இருந்த அந்த இடங்களில் குழந்தைகள் நோயோடு வளர்ந்தார்கள். 1989க்குப் பிறகுதான் மாநிலம் விழித்து, தண்ணீரும் கழிவுநீர் வழியும் இல்லாமல் மனை விற்கக் கூடாது என்று படிப்படியாகச் சட்டம் கொண்டுவந்தது. நீங்கள் இன்று சலித்துக்கொள்ளும் மனைப்பிரிவு வரைபடமும் செப்டிக் இடைவெளியும் அப்படிக் குழந்தைகள் நோயோடு வளராமல் காக்கத்தான். அவற்றைத் தொல்லை என்று சொல்ல எனக்கு மனம் வராது.

சுருக்கமாக இன்னும் சில. நிலத்தடிக் கனிமத்தின் உரிமை டெக்சாஸில் நிலத்திலிருந்து தனியாக விற்கப்பட்டிருக்கலாம். அந்த உரிமை உள்ளவர் எண்ணெய் எடுக்க உங்கள் மேல்மண்ணைப் பயன்படுத்தச் சட்டம் இடம் கொடுக்கும். பத்திர ஆய்வில் அதைத் தேடச் சொல்லுங்கள். எரிவாயுக் குழாய் வழியும் அப்படியே. விவசாய மதிப்பீட்டில் குறைந்த வரி கட்டிய நிலத்தை விவசாயம் அல்லாத பயன்பாட்டுக்கு மாற்றினால், முந்தைய 3 வருடத்தின் வரி வித்தியாசத்தைக் கட்ட நேரலாம். அது உங்கள் தலையிலா விற்பவர் தலையிலா என்பதை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கிராமக் குடிநீர் நிறுவனத்திடம் ‘இந்த மனைக்கு மீட்டர் தருவோம்’ என்று எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சு போதாது.

எல்லாவற்றையும் எப்போது கேட்பது? டெக்சாஸ் ஒப்பந்தத்தில் ‘ஆப்ஷன்’ காலம் என்று ஒன்று உண்டு. சிறு தொகை கொடுத்தால், குறித்த நாட்களுக்குள் எந்தக் காரணமும் சொல்லாமல் நீங்கள் விலகிக்கொள்ளலாம். வீடு வாங்குகிறவர்கள் அதை ஒரு வாரம் பத்து நாள் என்று வைப்பார்கள். வெறும் நிலத்துக்கு அது போதாது. மண் ஆய்வு, செப்டிக் ஆய்வு, சர்வே, வெள்ள வரைபடம், குடிநீர்க் கடிதம் எல்லாம் வந்து சேரும் அளவுக்கு நாள் கேளுங்கள். விற்பவர் மறுத்தால் வேறு நிலம் பாருங்கள். கவுண்டி அலுவலகத்துக்கு நேரில் போங்கள். சிறிய கவுண்டிகளில் சில பேர்தான் இருப்பார்கள். பொறுமையாகக் கேட்டால் உட்கார வைத்து வரைபடத்தைத் திறந்து காட்டுவார்கள். அவர்கள் எதிர்த்தரப்பு அல்லர்.

கடைசியாக, ஏற்கெனவே கட்டிக் குடிபோய்விட்ட அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் ஒரு வேண்டுகோள். கிரகப்பிரவேசத்துக்கு எங்களை எல்லாம் அழைத்து வீட்டைச் சுற்றிக் காட்டினீர்கள். அடுத்து நிலம் பார்க்க வரும் தம்பி தங்கைகளுக்கு உங்கள் மண் ஆய்வு அறிக்கையையும், செப்டிக் வரைபடத்தையும், ஆய்வாளர் குறை சொல்லி எழுதிய தாளையும் சேர்த்துக் காட்டுங்கள். எந்தக் கவுண்டியில் எந்த அனுமதிக்கு எத்தனை நாள் பிடித்தது, எந்த வேலையை இரண்டாம் முறை செய்ய வேண்டி வந்தது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். கோவிலிலும் தமிழ்ப் பள்ளியிலும் வாரம் தவறாமல் சந்திக்கிறோம். அங்கே இதற்கென்று ஒரு மணி நேரம் ஒதுக்கலாம்; ஒரு மேசையும் கவுண்டி வரைபடமும் கொண்டுவரும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்